2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: மேல்தோட்டமும் லாஃப்னெட்ஷாக் கொடிகளும்

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள், மலையில் எங்களுக்குக் கைகொடுக்கும் ஊரவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு தடவை கூடியது. பொங்கல் விழாவும் சரஸ்வதி பூசையும் குறைவின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் சுவிசின் வாலிஸ் மாநிலத்தில், விஸ்ப் நகருக்கு மேலே நாங்கள் 2018 முதல் குத்தகைக்கு வைத்திருக்கும் முந்திரிகை (திராட்சை)த் தோட்டத்தைப் பற்றியது. இந்த ஆண்டு எங்கள் உழைப்பெல்லாம் அங்கேதான் போனது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஸ்பர்டெர்மினன் ஊருக்குக் கீழே, 650 மீற்றரிலிருந்து 1150 மீற்றர் உயரம் வரை, கல்லடுக்குச் சுவர்களின்மேல் படிப்படியாகத் தோட்டங்கள் ஏறுகின்றன. இங்கே பேர்பெற்றது ஹைடா என்ற வெள்ளைத் திராட்சை. எங்கள் துண்டில் ஹைடாவுக்கு நடுவே இரண்டு வரிசை லாஃப்னெட்ஷா நிற்கிறது. வாலிஸ் மண்ணின் பழைய இனம். 1627ஆம் ஆண்டு நீடர்கெஸ்டெல்ன் ஏடுகளிலேயே இதன் பெயர் வருகிறது. உமான்ய பிளான், கொம்ப்ளேட்டர் என்ற இரண்டு பழைய இனங்களின் பிள்ளை இது என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்தது. இதன் வைன் இளசாக இருக்கும்போது கடுமையாகப் புளிக்கும். “லாஃப் நிட் ஷோ”, அதாவது “இப்பவே குடிச்சிடாதே” என்ற ஊர்ப்பேச்சுத்தான் பெயராகிவிட்டது என்று இங்கே சொல்வார்கள்.

இந்த இனம் ஏறக்குறைய அழிந்தே போயிருக்கும். 1909இல் லொன்சா இரசாயனத் தொழிற்சாலை விஸ்புக்கு வந்தபின் ஆண்கள் அங்கே வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தில்தான் மலைக்கு ஏறினார்கள். விளைச்சல் கூடிய இனங்கள் வந்ததும் லாஃப்னெட்ஷா ஒதுங்கியது. பழைய தோட்டங்களில் எஞ்சியிருந்த கொடிகளைத் தேடிப் பிடித்து, இதையும் ஹிம்பெர்ட்ஷா, குவெஸ் போன்றவற்றையும் மீண்டும் பெருக்கியவர் விஸ்பின் ஜோசஃப்-மாரி ஷான்டோன். அவர் அதைச் செய்திராவிட்டால் இன்று நாங்கள் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

சரி, சுவருக்கு வருகிறேன். ஜூன் மாத மழையில் சியேர், சிப்பி ஊர்கள் பக்கம் ரோன் ஆறு பெருகியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் எங்கள் இரண்டாம் படிச் சுவர் வயிறு தள்ளி, நாலு மீற்றர் நீளத்துக்குச் சரிந்தது. ஏழு கொடிகள் வேரோடு கீழே கிடந்தன. சீமெந்து போட்டுக் கட்டிவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு கருத்து வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. சீமெந்துச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, அடுத்த மழையில் இன்னும் பெரிதாகத் தள்ளும். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அதைக் கேட்ட நாடுகளில் சுவிசும் ஒன்று.

ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். பருத்தித்துறையில் கிணறு கட்டிய எங்கள் மூத்த அங்கத்தவர் அவரோடு நின்றார். இவருக்கு ஜெர்மன் ஓடாது, அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் நாலு சனிக்கிழமை சேர்ந்து கட்டினார்கள். எங்கள் ஐயா ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். கணீரென்று கேட்டால் வைப்பார். சத்தம் செத்திருந்தால் பின்னால் போடும் சல்லிக்கு ஒதுக்கிவிடுவார். பெரியவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். கல்லின் நீளப் பக்கம் மலைக்குள் போகவேண்டும், சுவர் மலைப்பக்கம் சற்றுச் சாயவேண்டும் என்பதைக் கையால் காட்டியே விளங்கப்படுத்தினார். ஒக்டோபரில் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பொழுது பட்ட பிறகும் வெதுவெதுப்பு இருந்தது. அந்தச் சூட்டில்தான் இவ்வளவு உயரத்தில் பழம் பழுக்கிறது.

கோயிலோடு சேர்ந்து நடக்கும் சங்கத்துக்கு வைன் தோட்டம் எதற்கு என்று ஒரு அக்கா சென்ற கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். யாரும் குடிக்கவேண்டும் என்பது எங்கள் எண்ணமில்லை. நாங்கள் குடிவந்த இடத்தின் பழைய பயிர் ஒன்று, ஆள் இல்லாமல் காடாகிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டு வளர்ந்த எங்களுக்குக் கவாத்துக் கத்தி புதிதல்ல. அங்கே ஆண்டில் இரண்டு அறுவடை. இங்கே ஒன்றுதான், பந்தலும் இல்லை, கொடிக்கு ஒரு கட்டை. மற்றபடி வேலை ஒன்றே.

ஈரமான ஆண்டென்பதால் பூஞ்சை நோய் வந்து பழம் குறைந்தது. பழத்தைப் பெட்டிபெட்டியாகப் படிகளில் சுமந்து இறக்கினோம். லாஃப்னெட்ஷாவை வைன்சாலை தனித் தொட்டியில் வைத்திருக்கிறது. அறுவடை முடிந்த மாலையில் எங்கள் 2023 போத்தலையும் 2019 போத்தலையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தோம். முதலாவது உப்பில்லாமல் கடித்த பச்சை மாங்காய். மற்றதில் புளிப்பு அடங்கி, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த பிறகு வருமே, அந்த இனிப்பு.

அப்புறம், அடுத்த வேலை. மூன்றாம் படிச் சுவரும் இப்போது வயிறு தள்ளத் தொடங்கியிருக்கிறது. மார்ச் மாதத்தின் முதலாவது சனிக்கிழமை கவாத்து, அதற்கு அடுத்த சனிக்கிழமை சுவர் பிரிப்பு. விழுந்த ஏழு கொடிகளுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று சொல்லிவைத்திருக்கிறோம். மே மாதம் வரும். சம்மட்டி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், சங்கத்தில் இரண்டுதான் இருக்கிறது.

செயலாளர்