அறியாத பிள்ளை

காரைக்குடி,
ஐப்பசி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக வளவுக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான். முகப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? சனி, ஞாயிறுகளில் கானாடுகாத்தானுக்குப் போய், பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறாள். பேசப்போவதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் திருத்திக்கொள்வாள். போன வாரம் கொண்டுவந்த தாளில், நடுவீட்டுக் கோலம் பற்றிய இடத்தில், தன் அப்பத்தாவை ‘இக்னரண்ட்’, அதாவது ஒன்றும் அறியாதவர், என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா இந்த வார்த்தை?” என்றேன்.

“அப்பத்தா பள்ளிக்கூடமே போனதில்லையே தாத்தா.”

அதற்கு ‘இல்லிட்டரேட்’ என்று தனி வார்த்தை இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதோடு அது நின்றுவிடும் என்றேன். அந்த ஆச்சியை நீ பார்த்திருக்கிறாய். அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்துப் பிடித்து, விரல் வழியே ஒழுகவிட்டு, குனிந்தபடியே நடுவீடு முழுக்க இழுத்துவிடுவார். ஒரு கோடு நடுங்காது. அவரைப் போய் அந்த வார்த்தையால் சொல்வதா?

பின்னால் ‘ஆஃப்’ (of) வைத்து இன்ன விஷயத்தில் இக்னரண்ட் என்றால், அது ஒரு தகவல்தான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, உனக்குச் சமையல் தெரியாது, அவ்வளவுதான். எந்த விஷயம் என்று சொல்லாமல் ஆளின் மேல் மொட்டையாக ஒட்டினால் வசவாகிவிடுகிறது. இங்கிலாந்தில் சில பகுதிகளில் பேச்சுவழக்கில் மரியாதை தெரியாதவனைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். காதுக்கு எட்டாத ஒரு சேதியைப் பற்றி என்றால் ‘அன்அவேர்’ போதும், யார் மனசும் நோகாது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். ஒரு பிரெஞ்சு அம்மாளிடம், “உங்கள் ஊர் தேவாலயம் எந்தக் காலத்தில் கட்டியது?” என்று கேட்டாளாம். அந்த அம்மாள், “ஐ இக்னோர்” என்றாராம். தன்னை மதிக்கவில்லை என்று இவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்த அம்மாள் தெரியாது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சில் ‘இக்னோரே’ என்றால் இன்றும் முதல் பொருள் அறியாமலிருப்பதுதான். மூலமான லத்தீன் வார்த்தைக்கும் அதே பொருள். கண்டும் காணாமல் விடுவது என்ற அர்த்தம் இங்கிலீஷில் பின்னால் வந்து சேர்ந்தது.

‘இக்னோரேமஸ்’ கதை எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. லத்தீனில் அதற்கு ‘நாங்கள் அறியோம்’ என்று பொருள். அந்தக் கால இங்கிலாந்தில், ஒருவன் மேல் வந்த குற்றச்சாட்டுக்குப் போதிய சாட்சி இல்லை என்றால் ஜூரிகள் அந்தத் தாளின் பின்புறம் இப்படி எழுதிவிடுவார்கள். எவ்வளவு நேர்மையான வார்த்தை! 1615-ல் கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் ஒரு லத்தீன் நாடகம் போட்டார்கள். அதில் வருகிற விவரமில்லாத வக்கீலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதோடு ‘இக்னோரேமஸ்’ என்றாலே முட்டாள் என்று ஆகிப்போனது.

சமஸ்கிருதத்து ஞானமும் லத்தீன் வார்த்தையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அஞ்ஞானமும் இக்னரன்ஸும் ஒரே மாதிரி, முன்னால் ஒரு மறுப்பை வைத்துக் கட்டியவை. நம் அறியாமை அப்படி இல்லை. அறி என்ற வினைக்கு உள்ளேயே ‘ஆ’ புகுந்து மறுக்கிறது. இலக்கணம் கிடக்கட்டும், நாம் அதைச் சொல்கிற விதத்தைப் பார். ‘அறியாத பிள்ளை’, ‘அறியாத வயசு’, ‘தெரியாமல் செய்துவிட்டான், விடுங்கள்’. தப்புச் செய்தவனுக்காக இன்னொருவர் பரிந்து பேசும்போதுதான் இது வாயில் வருகிறது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் உன் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் ‘இக்னரண்ட் பாய்’ என்று எழுதியிருந்ததே. அகராதியைப் பார்த்துவிட்டு வீடு வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன் ஆத்தா திண்ணையில் நனைத்த ஓலையைக் கிழித்துக் கொட்டான் முடைந்துகொண்டிருந்தார்கள். “வாத்தியார் என்னப்பா எழுதியிருக்கார்?” என்று என்னைத்தான் கேட்டார்கள். “அறியாத பிள்ளைன்னு எழுதியிருக்கார்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆத்தா கையை நிறுத்தாமலே, “அறியாத பிள்ளைதானே, அதுக்குத்தானே அவர்கிட்ட அனுப்புறேன்” என்றார்கள். நீ எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாய்.

இத்தனை வருஷத்தில் நாம் இதைப் பேசியதில்லை. அந்த வாத்தியார் செய்தது தப்பு. உனக்கு இறந்தகால வினை தெரியவில்லை, அதை எழுதியிருக்க வேண்டும். நான் முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தும் ஒரு நோட்டிலும் அந்த வார்த்தையை எழுதவில்லை. அதற்கு ஆத்தாதான் காரணம். இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் என் கல்யாணத்துக்கு முடைந்து தந்த கொட்டான் இன்னும் இரண்டாங்கட்டில் இருக்கிறது. விளிம்பு மட்டும் ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது. உனக்கு அந்த விளிம்பு கட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. கண் நன்றாக ஆனதும் வா. ஓலை வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்