எந்தக் கறுப்பு மையும் போதும் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டார்க்ரூம் என்கிற இருட்டறையில் கையால் பிரிண்ட் போடும் இளைஞர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மறுபடியும் ஹைப்போ என்கிற பிரிண்ட் மருந்தின் வாசனைக்குள் பிள்ளைகள் போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதோடு போட்டிருந்த பெட்டிச் செய்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பிரிண்டில் விழும் வெள்ளைப் புள்ளிகளை அடைக்க எந்தக் கறுப்பு மையும், இருப்பதிலேயே மெல்லிய பிரஷும் போதும் என்றும், வீட்டிலுள்ள பழைய படங்களையும் இப்படியே சரிசெய்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அதை நம்பி யாரும் படத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1978-லிருந்து இருபத்திரண்டு வருஷம் ஸ்டூடியோவில் டச்சிங் வேலை, அதாவது பிரிண்டில் உள்ள குறைகளைக் கையால் சரிசெய்யும் வேலை, பார்த்தவன் நான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' என்ற போட்டோ பேப்பரிலும், கிடைத்தபோது வெளிநாட்டுப் பேப்பரிலும் போட்ட பிரிண்டுகள் என் மேஜைக்கு வரும். நெகட்டிவ் மேல் தூசியோ நூலோ உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் பேப்பருக்குப் போகாது. பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். எவ்வளவு ஊதித் துடைத்தாலும் ஒன்றிரண்டு வந்தே தீரும்.

அந்தப் புள்ளியை எதை வைத்து அடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிண்டின் மேல்பரப்பு ஜெலட்டின் என்ற மெல்லிய பசைப் படலம். ஈரம் பட்டால் அது லேசாக உப்பும். சாயமாக இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடும். இண்டியன் இங்க் அப்படியில்லை. அது கரித்தூளும் அரக்குப் பசையும் சேர்ந்தது. உள்ளே போகாமல் மேலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நேராகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். படத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பளபளப்புக்கு நடுவே அம்மைத் தழும்பு மாதிரி தனியாகத் தெரியும். தண்ணீரில் ஊறப் போட்டாலும் போகாது.

இது எனக்கு அனுபவத்தில் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சாயம் தீர்ந்துபோயிருந்த ஒரு நாள், அவசரத்துக்கு இண்டியன் இங்க் தொட்டு ஒரு பெரியவர் படத்தில் வைத்துவிட்டேன். இறந்துபோனவரின் படம். மாலை போட்டு வைக்க அவர் மனைவி கேட்டிருந்தார். நெகட்டிவ் இருந்ததால் வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஆனால் அந்த அம்மா முதல் பிரிண்டைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கன்னத்தில் இருந்த புள்ளியைப் புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தார். இன்றைக்கும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் காலத்தில் ஸ்பாட்டோன் என்று சின்னச் சின்னப் புட்டிகளில் சாயம் வரும். 3-ஆம் நம்பர் நடுநிலைக் கறுப்பு. நீலம் கலந்த கறுப்பு, பழுப்புச் சாயல் உள்ளது என்று மற்றவை. அதன் தயாரிப்பை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது தொடங்குபவர்கள் பியர்லெஸ் மாதிரி தாளில் சாயம் ஏற்றி விற்பதை வரவழைக்கலாம். நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் பல நாளைக்கு வரும். எதை வாங்கினாலும் அது போட்டோ பிரிண்டுக்கான சாயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே கறுப்பை வைத்து ஒப்பேற்ற முடியாது. கறுப்பு வெள்ளைப் படம் என்று பேரே தவிர, ஒரு பேப்பர் நீலமடிக்கும், ஒன்று காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். செலினியம் மருந்தில் போட்டு நிறத்தை மாற்றும் டோனிங் செய்தால் சாயல் இன்னும் மாறும். அதனால் டோனிங், கழுவல், உலர்த்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் சாயத்தைக் கலக்க உட்கார வேண்டும்.

அப்புறம் பிரஷ். இருப்பதிலேயே மெல்லியது வேண்டும் என்பது புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பதுதான். மிக மெல்லிய 000 நம்பர் பிரஷில் நாலு முடிதான் இருக்கும். அது எடுக்கும் சொட்டுச் சாயம் பேப்பரைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். எனக்கு 0 அல்லது 1-ஆம் நம்பர்தான் கை கொடுத்தது. வயிறு கொஞ்சம் பருத்து, நுனி ஊசியாகக் கூட வேண்டும். கடையிலேயே ஒரு தம்ளர் தண்ணீர் கேளுங்கள். நனைத்து ஒரு உதறு உதறினால் முடியெல்லாம் தானாக ஒரே முனையில் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கொலின்ஸ்கி சேபிள் என்று விற்கும் விலங்கு முடியில் செய்த, வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் சீரிஸ் 7 நல்ல பிரஷ், விலை அதிகம். நல்ல செயற்கை இழை பிரஷும் இந்த வேலைக்குத் தாங்கும். யாராவது கீரி முடி பிரஷ் இருக்கிறது என்று மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். எங்கள் தலைமுறை அதைத் தெரிந்தும் தெரியாமலும் வாங்கியது உண்மை. அதற்காக எத்தனை கீரிகள் செத்தன என்று இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பிரிண்ட் போடும்போதே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் கறுத்துப்போகாமல் நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் மருந்தில் படிகாரம் சேர்ந்த கெட்டிப்படுத்தும் மருந்து இருந்தால் ஜெலட்டின் இறுகிப்போய்ச் சாயத்தைக் குடிக்காது. அது இல்லாத ஃபிக்ஸராகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை சுலபம். வெறும் காகித அடியுள்ள பைபர் பேப்பர், பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பரைவிடச் சாயத்தை நன்றாக ஏற்கும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, மை உறிஞ்சும் ஒற்றுத்தாள், ஒரு உருப்பெருக்கி, கைக்கு அடியில் வைக்கச் சுத்தமான காகிதம். அதே பேப்பரில் போட்டு வீணான ஒரு பிரிண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தைத் தட்டில் காயவிட்டு, ஈரப் பிரஷால் தொட்டு, ஒற்றுத்தாளில் ஒற்றி, முதலில் வீணான பிரிண்டில் வைத்துப் பாருங்கள். வேண்டிய நிறத்தைவிட வெளிறியே இருக்க வேண்டும். புள்ளிக்கு நடுவில் ஒரு பொட்டு, காய்ந்ததும் பக்கத்தில் இன்னொரு பொட்டு. இழுத்துப் பூசினால் ஓரத்தில் வளையம் கட்டும். அரிசி அளவு புள்ளிக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். கறுப்பு ஏறிவிட்டால் உடனே தண்ணீரில் போட்டு அலசுங்கள், ஓரளவுக்கு இறங்கும்.

கறுப்புப் புள்ளிக்குப் பெரிசயனைடு என்ற வெளுக்கும் மருந்து வைத்து வெளுப்பது, பிளேடால் சுரண்டுவது எல்லாம் உண்டு. அது கை பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய வேலை, கடிதத்தில் சொல்லித் தர மாட்டேன்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒன்றே ஒன்று வீட்டில் இருக்கிறது, நெகட்டிவ் இல்லை என்றால், தயவுசெய்து அதில் பிரஷை வைக்காதீர்கள். சாயம் உள்ளே இறங்கும் என்று மேலே சொன்னேனே, அதே காரணத்தால்தான் அங்கே அது ஆபத்து. ஒருமுறை இறங்கினால் முழுசாக வெளியே எடுக்க முடியாது. பழைய ஜெலட்டின் ஈரத்திலேயே உரிந்தும் வரலாம். நல்ல வெளிச்சத்தில் அதைப் படம் எடுத்து, அந்த நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அசல் அப்படியே, கறையோடும் கீறலோடும் இருக்கட்டும்.

அடுத்த இதழில் இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லாவிட்டாலும், மேலே உள்ள இந்த ஒரு பத்தியை மட்டுமாவது அந்தப் பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டச்சிங் கலைஞர் ஒருவர்,
திண்டுக்கல்