பரம வீர சக்கரம்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பிற்கினிய நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மகள் சாலிகிராமத்துக்குக் குடிவந்துவிட்டதால் நானும் வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வருகிறேன்.

உங்கள் பேரன் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்டிருந்த இரண்டு கேள்விகளையும் படித்தேன். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு, போர்க்கால வீரத்துக்கு நம் நாடு அளிக்கும் மிக உயர்ந்த விருதான பரம வீர சக்கரம் ஏன் வழங்கப்படவில்லை, அவருடைய வீரம் ஒரு படி குறைந்ததாகக் கருதப்பட்டதா என்ற கேள்விக்கே முதலில் விடை சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

வீர சக்கரம், மகா வீர சக்கரம், பரம வீர சக்கரம் என்ற மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டன. தரையிலோ கடலிலோ வானிலோ, எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியவை இவை. எதிரியின் முன்னிலையில் அல்லாத துணிவுக்கும் தன்னுயிர் ஈகத்துக்கும் தனியே ஒரு வரிசை வேண்டும் என்பதற்காக 1952இல் அசோக சக்கரம் ஏற்படுத்தப்பட்டது. ஆக, இரண்டையும் பிரிப்பது வீரம் வெளிப்பட்ட சூழலே. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் முகுந்த் வரதராஜன் உயிர் நீத்தது போர்க்களத்தில் அன்று, பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை ஒன்றில். அதனால் அந்த வரிசையின் மிக உயர்ந்த விருதான அசோக சக்கரம் அவருக்கு அளிக்கப்பட்டது. "அசோக சக்கரம்தான் கிடைத்தது" என்று யாராவது சொல்லும்போது அந்தத் 'தான்' என்ற ஒலி என் நெஞ்சில் தைக்கிறது. உங்கள் பேரன் அப்படி எழுதிவிடக் கூடாது.

அசோக சக்கர வரிசை தொடக்கத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றே வழங்கப்பட்டது. 1967இல் அவற்றை அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என்று மாற்றினார்கள். உயிரைப் பணயம் வைத்த ஒருவரை மூன்றாம் வகுப்பு என்று அழைக்காமல் விட்டது மிகச் சரியான செயல். போர்க்கால விருதுகளுக்கோ முதலிலேயே நல்ல பெயர்கள் வாய்த்துவிட்டன. அவற்றிலும் படிநிலை உண்டு. ஆனால் மகா, பரம என்ற அடைகள் முன்னே சேர, வீரம் என்ற சொல் மூன்றிலும் மாறாமல் நிற்கிறது.

இனி, பரம்வீர் சக்ரா என்று எழுதுவதா, பரம வீர சக்கரம் என்று எழுதுவதா என்ற கேள்வி. நாளிதழ்களில் முதல் வடிவமே மிகுதி. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பரமன், பரம்பொருள் என்று கோயிலிலும், வீரம், சக்கரம் என்று வீட்டிலும் நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களே இவை. இந்தியின் உச்சரிப்பில் வெட்டி எழுதினால் பெயர் வெறும் ஒலியாகிவிடுகிறது. நம் வழக்கில் எழுதினால் மேலான வீரத்துக்குரிய சக்கரம் என்ற பொருள் சிறுவனுக்கும் விளங்குகிறது. சக்கரம் என்பது இங்கே வட்ட வடிவான வெண்கலப் பதக்கத்தைக் குறிக்கும். அதன் நடுவில் அரசு முத்திரையும், சுற்றிலும் இந்திரனின் வச்சிராயுதம் நான்கும் உள்ளன. வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, சாவித்திரி கனோல்கர் என்று பெயர் கொண்ட பெண்மணி. ததீசி முனிவர் தம் உயிரை விட்டு, முதுகெலும்பை வச்சிராயுதம் செய்யக் கொடுத்தார் என்ற கதையை அறிந்தே அவர் அந்தச் சின்னத்தைத் தேர்ந்தார். இதுவரை இவ்விருதைப் பெற்ற 21 பேரில் 14 பேர் மறைவுக்குப் பின் பெற்றவர்கள் என்பதை நினைத்தால் அந்தத் தேர்வின் ஆழம் புரியும்.

பெயரை எங்கே எழுத வேண்டும் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். சங்க காலத்தில் படைத்தலைவர்களுக்கு அரசன் அளித்த ஏனாதி என்ற பட்டம் ஏனாதி திருக்கிள்ளி என்று பெயருக்கு முன்னேயே ஒட்டிக்கொண்டது. நம் அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுக்கிறது; ராணுவச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மட்டும் விலக்கு அளிக்கிறது. பத்ம விருதுகளைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பரம வீர சக்கரத்தின் சுருக்கமான PVC என்ற எழுத்துகளையோ பெயருக்குப் பின்னால் எழுதுவது முறையான வழக்கம்.

பரம வீர சக்கரம் பெற்ற தமிழர் ஒருவரைப் பற்றியும் அவன் எழுத விரும்பினால் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றி எழுதட்டும். பம்பாயில் பிறந்த அவர், சென்னையில் பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில், இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையின் அணியொன்றை நடத்திச் சென்றபோது, மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தி, உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் போரில் இரு பக்கமும் தமிழர் மாண்டார்கள். ஈழத்து மக்கள் பட்ட துயரம் சிறிதன்று. அந்த வேதனையை மறைக்காமலே அவருடைய வீரத்தைப் போற்ற முடியும் என்று நான் நம்புகிறேன். மகள் வீட்டுக்குப் போகும் வழியில், ஆற்காடு சாலையில், ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விகார் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு படி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்