வலிப்பு நின்றால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் ‘ஆப்சென்ஸ்’ வலிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். கீழே விழாமல், கை கால் வெட்டாமல், சில நொடிகள் பிள்ளை அப்படியே நின்றுபோகும் இந்த வலிப்பைப் பற்றி எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ‘பராக்குப் பார்க்கிறான்’ என்று வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது இதனால் தப்பிப்பார்கள். ஆனால் ‘உரிய மருந்து கொடுத்தால் கட்டுப்பட்டுவிடும்’ என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. மருந்து ஆரம்பித்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிய்த்த தோசை கையில் இருக்க, வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே கை நின்றுவிடும். இமை படபடக்கும். பத்து நொடியில் எதுவுமே நடக்காதது போல மென்று விழுங்குவாள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தபோது ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார்கள். வேகமாக மூச்சு விட்டால் இந்த வலிப்பு வருமாம். ஊதிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள், திரையில் நொடிக்கு மூன்று வீதம் அலைகள் ஓடின. சரி, நோய் தெரிந்துவிட்டது.

வால்ப்ரோயேட் மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் அந்த நின்றுபோவது அனேகமாகக் காணாமலே போனது. அதற்குப் பதிலாக வேறொரு பெண் வீட்டுக்குள் வந்துவிட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்குவாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ‘அம்மா, வேற என்ன இருக்கு?’ என்பாள். ஜூனில் தைத்த யூனிஃபார்ம் தீபாவளிக்குள் இடுப்பில் ஏறவில்லை. டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கியது. தலைகீழாகச் சொன்ன நாலாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. உறவினர்களோ, ‘பிள்ளை இப்பதான் நல்லாத் தேறியிருக்கா’ என்று சந்தோஷப்பட்டார்கள்.

மருத்துவரிடம் சொன்னபோது முதலில் கிடைத்த பதில், ‘ஃபிட்ஸ் நின்னுடுச்சுல்ல?’ என்பதுதான். அவரைக் குறை சொல்லவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் வேறு என்ன கேட்க முடியும்? அதனால், தூக்கம், பசி, எடை, படிப்பு எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை நீட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்த பிறகு நிதானமாகப் பேசினார். மருந்தை மாற்றலாம் என்றார்.

மாற்று என்று ஒன்று இருப்பதையே பெற்றோரில் பலர் அறிவதில்லை. இந்த வலிப்புக்கு எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் மூன்றையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2010-ல் வெளியானது. நான்கு மாத அளவில் எத்தோசக்சிமைடு 53 சதவீதக் குழந்தைகளுக்கும் வால்ப்ரோயேட் 58 சதவீதத்தினருக்கும் பலன் தந்தன. ஏறக்குறைய சமம்தான். லாமோட்ரிஜின் 29 சதவீதத்தோடு பின்தங்கியது. ஆனால் கவனக்குறைவைச் சோதித்தபோது வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதத்தினரிடமும் எத்தோசக்சிமைடு எடுத்தவர்களில் 33 சதவீதத்தினரிடமும் அது இருந்தது. வலிப்பை நிறுத்துவதில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், பிள்ளையின் படிப்புக்கு ஒன்றல்ல. பெண் பிள்ளை என்றால் இன்னொரு யோசனையும் உண்டு. பின்னாளில் கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம்.

புதிய மருந்து மட்டும் அமிர்தமா என்றால் இல்லை. எத்தோசக்சிமைடு ஆரம்பித்ததும் வயிற்று வலி, குமட்டல், நேரம் காலம் தெரியாமல் விக்கல். வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, அளவை மெதுவாக ஏற்றியதில் அடங்கியது. அதைவிடப் பெரிய தலைவலி, அந்த மருந்து எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. எங்கள் ஊர்க் கடைக்காரர் பெயரையே இரண்டு முறை எழுதிக் காட்டச் சொன்னார். தீரும் முன்பே சொல்லி வைத்து, கோவையிலிருந்து வரவழைக்கிறோம். நோயோடு மல்லுக்கட்டுவது போதாதென்று இதற்கும் அலைய வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அதைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் தகும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும். எங்களுக்கும் பழைய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் மாற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மருந்து என்று கடையில் வாங்குவதும் ஆபத்து. வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும் கார்பமசெபின், இந்த வலிப்பை அதிகப்படுத்தக்கூடும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வலிப்பு இருக்கிறது என்று சொன்னால் ஆசிரியர்கள் ‘விழுந்தால் என்ன செய்வது’ என்றுதான் பயப்படுகிறார்கள். இந்தப் பிள்ளை விழப் போவதில்லை. அந்தப் பத்து நொடியில் சொன்ன வரியைத் திரும்பச் சொன்னால் போதும். முதல் பீரியடில் கண் சொருகினால் எழுப்பி நிற்க வைக்காமல் எங்களுக்கு ஒரு போன் செய்யலாம், மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச அது உதவும். நீச்சல் வகுப்பில் மட்டும் கண்ணை எடுக்கக் கூடாது.

அடுத்த கட்டுரையில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு பக்க விளைவுகளைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள். எது தானாக அடங்கும், எதற்கு உடனே ஓட வேண்டும், எந்த மருந்துக்கு ரத்தப் பரிசோதனை தேவை என்பதெல்லாம் பெற்றோர் கையில் இருக்க வேண்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஈரோடு மாவட்டம்.