பேரிங்கைத் தனியாகக் கொடுங்கள்: பிக்கப் வண்டி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், உதிரிபாகப் பிரிவில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூர் மலையில் ஓடும் உங்கள் வண்டிகளில் முன் வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழலத் தாங்கும் பாகம்) சீக்கிரம் போய்விடுகிறது என்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. டீலர்கள் மூலம் புகார்கள் வந்திருக்கும். அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, சமீபத்தில் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாக்கம்பாளையம் பக்கத்துத் தம்பி ஒருவருடைய வண்டி அது. வேகம் கூடக்கூட முன்பக்கம் ஒரு உறுமல். வலது பக்கம் வளைக்கும்போது இன்னும் கூடும், இடது பக்கம் வளைத்தால் அடங்கும். இடது சக்கர பேரிங் என்று அதிலேயே தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் காட்டியதற்கு டயர் சத்தம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் குச்சிக்கிழங்கு ஏற்றி மலை இறங்கும்போது சக்கரம் சூடேறி, புகைந்து, இறுகி நின்றது. ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையோடு ஆடுகிறது. பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன், ஆட்டம் நின்றது. சக்கரத்தைத் திருப்ப உதவும் பந்து மூட்டான பால் ஜாயின்டில் கோளாறு இல்லை, பேரிங்தான்.

ஒரு பேரிங், தண்ணீரும் தூசியும் போகாமல் தடுக்கும் ஒரு சீல். பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் என்னிடம் இருக்கிறது. சாமான் கையில் இருந்தால் அரை நாள் வேலை. ஆனால் டீலர் கடையில், பேரிங் தனியாக வராது, ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), நக்கிளோடு (அதைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்த்துத்தான் தருவோம், அதுவும் ஆர்டர் போட்டால்தான் என்றார்கள். விலை, பேரிங் விலையைப் போலப் பல மடங்கு. வாரண்டி கேட்டதற்கு, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதனால் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாமான் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பிடுங்கிய குச்சிக்கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும். சேகோ (ஜவ்வரிசி) மில்லில் அதற்கு விலை கிடையாது. அந்த ஒரு வண்டியை நம்பி ஆள் விட்டுப் பிடுங்கி வைத்திருந்த குடும்பங்கள் கிழங்கை வயலிலேயே விட வேண்டியதாயிற்று. கூலி கொடுத்தது கொடுத்ததுதான். வண்டித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நின்றது. அந்தத் தம்பி என்னிடம் கோபப்படவில்லை, பேசவே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

தண்ணீர் போனது உண்மை. குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று நாங்கள் பள்ளம் என்று சொல்லும் ஓடைகளில் இறங்கி ஏறிப் பழகிய வண்டிகள் இவை. மலை இறங்கிச் சூடான ஹப் சில்லென்ற தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்து, பேரிங்கின் உருளைகள் ஓடும் வளையமான ரேஸில் துரு பிடித்து, குழி விழும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், வண்டி ஆற்றைக் கடக்கிற படத்தைப் போட்டு விற்கிறீர்கள். விற்கும்போது தண்ணீரில் இறங்கலாம், பேரிங் போனால் தண்ணீரில் இறக்கியது ஓட்டுநர் குற்றம் என்பது நியாயமே இல்லை.

பழைய ஜீப்புகளில் ஒரு ஹப்புக்கு இரண்டு டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங். 40,000, 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, லாக் வாஷர் போட்டு மூடுவோம். தண்ணீரில் முங்கிய வண்டி என்றால் அந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே பிரிப்போம். பத்து வருடம் ஓடிய பேரிங்கையும் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் ஹப்போடு ஒன்றாக வரும் புது யூனிட்டைப் பிரிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது இந்த வண்டியில் இருப்பதுபோல் பிரஸ்ஸில் அழுத்திப் போடும் பேரிங்கை. அதைத் தனியாகக் கொடுங்கள்.

வெளியாட்கள் தப்பாகப் போட்டுவிடுவார்கள் என்பது உங்கள் பதில். நக்கிளில் பேரிங்கை இறக்கும்போது உள் ரேஸில் அழுத்தம் கொடுத்தால் புது பேரிங்கும் அன்றைக்கே கெடும், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) சென்சாருக்கான காந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் மீட்டரில் விளக்கு எரியும். சரி, அதைத்தான் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள் என்கிறோம். ஆக்ஸில் நட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்பதைக்கூட ரகசியமாக வைத்திருந்தால் யார்தான் சரியாகப் போடுவார்கள்?

இது பேரிங்கோடு நிற்கவும் இல்லை. ஸ்கேனர், மென்பொருள், சாவி கோடிங் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போகிறீர்கள். உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் விவரத்தையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது அதில் வாகனங்களையும் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பேரிங்குக்காக மலைக்காரர்கள் இரண்டு வாரம் காத்துக் கிடக்கிறார்கள் என்றால், இது தெரியாமல் நடப்பது என்று நாங்கள் எப்படி நம்புவது?

கோபத்தில் எழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். பேரிங்கையும் சீலையும் தனி உருப்படியாக விலைப்பட்டியலில் சேருங்கள். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு எப்போது, எதைச் சோதிக்க வேண்டும் என்று உரிமையாளர் கையேட்டில் எழுதுங்கள். அப்படிச் சோதித்து வந்த வண்டிக்கு, தண்ணீரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் சத்தியமங்கலம் கடைகளில் அந்தப் பேரிங் கிடைக்கும்படி செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சத்தியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவன்