கட்டம் கட்டமாக எண்களை நிரப்பும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. யோசிக்கிற வேலையெல்லாம் புரொபசருக்கு, வட கரோலினாவின் 1920-களின் வங்கி அறிக்கைகளைப் பார்த்து எக்செல்லில் எண்ணைத் தட்டுகிற வேலை மட்டும் உனக்கு என்றாய். படிப்பையே விட்டுவிடலாமா என்றும் கேட்டாய். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

அன்னா ஷ்வார்ட்ஸ் பெயர் உனக்குத் தெரியும். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனோடு சேர்ந்து 'அமெரிக்காவின் பணவியல் வரலாறு 1867-1960' எழுதியவர். புத்தகம் 1963-ல் வந்தது. நான் கல்லூரியில் பணவியல் நடத்திய காலத்தில் நூலகத்திலிருந்து எடுத்து எடுத்துப் படித்த புத்தகம் அது. வகுப்பில் எல்லாரும் ஃப்ரீட்மன் என்றுதான் சொல்வார்கள். நான் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வேன். ஏன் என்பதை உனக்கு விவரமாகச் சொன்னதில்லை.

அன்னா 1915-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 18 வயதில் பார்னார்ட் கல்லூரிப் பட்டம், அடுத்த ஆண்டே கொலம்பியாவில் முதுகலை. 1941-ல் தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர், 2012-ல் 96 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். முனைவர் பட்டம் கிடைத்தது 1964-ல், அதாவது புத்தகம் வெளிவந்து உலகமே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு. உனக்கு 29 வயது. தாமதமாகிவிட்டது என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆண்டுக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

அவர் செய்த வேலை என்ன தெரியுமா? நீ செய்வதேதான். 1930-களில் நாட்டில் மொத்தம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மாதாமாதம் வெளியிட்ட பட்டியல் எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய காலத்தைக் கேட்கவே வேண்டாம். தேசிய வங்கிகள் வருஷத்தில் சில தேதிகளில் அரசுக்கு அறிக்கை கொடுத்தன. மாநில வங்கிகள் கொடுத்த தேதி வேறு, படிவம் வேறு, சில இடங்களில் அறிக்கையே இல்லை. இவற்றிலிருந்து ஒரே தொடராக ஒரு கணக்கை எழுப்ப வேண்டும். 1867 என்ற தொடக்க வருஷம் கூட அப்படி வந்ததுதான். இடைவெளி இல்லாத தொடரை அதற்கு முன்னால் கொண்டுபோக முடியவில்லை. மாதக் கணக்கு 1907 மே மாதத்திலிருந்துதான் கிடைக்கிறது.

இதில் எத்தனை தீர்மானங்கள் இருக்கின்றன பார். நான் ஆயிரம் ரூபாயை வங்கியில் போட்டால் என் பாஸ்புக்கில் ஆயிரம் இருக்கும், வங்கிப் பெட்டகத்தில் அந்த ஆயிரம் ரூபாய் நோட்டும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். ஆகவே பெட்டகப் பணத்தைக் கழிக்க வேண்டும். வசூலாகாமல் வழியில் இருக்கும் செக்குகளையும் கழிக்க வேண்டும். தவணை டெபாசிட்டைப் பணமாக எண்ணுவதா, வேண்டாமா? இரண்டு அறிக்கைத் தேதிகளுக்கு நடுவில் உள்ள மாதங்களை எதை வைத்து நிரப்புவது? இந்தக் கடைசிக் கேள்வியின் முறையைப் பற்றி மட்டுமே ஃப்ரீட்மன் 1962-ல் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கட்டத்தை நிரப்புகிற வேலையில் யோசனை இல்லை என்று யார் சொன்னது?

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1929 ஆகஸ்டிலிருந்து 1933 மார்ச்சுக்குள் அமெரிக்காவின் பண அளவு, அதாவது மக்கள் கையில் இருந்த நோட்டும் நாணயமும் அவர்களுடைய வங்கி டெபாசிட்டும் சேர்ந்தது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த வரி. ஆனால் அதே காலத்தில் அடிப்படைப் பணம், அதாவது மக்கள் கையில் இருந்த நோட்டும் நாணயமும் வங்கிகளின் கையிருப்பும் சேர்ந்தது, குறையவில்லை. கூடித்தான் இருந்தது! வட்டி விகிதமும் தாழ்வாக இருந்தது. அதனால் ஃபெடரல் ரிசர்வில் இருந்தவர்கள் தாங்கள் தாராளமாகவே இருப்பதாக நம்பினார்கள். வெளியே நடந்தது வேறு. 1930 டிசம்பரில் நியூயார்க்கின் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. பயந்த மக்கள் டெபாசிட்டை நோட்டாக மாற்றிக்கொண்டார்கள். பயந்த வங்கிகள் கடன் கொடுக்காமல் கையிருப்பைக் கூட்டிக்கொண்டன. ஒரு டாலர் நோட்டு வங்கியை விட்டு வெளியே போனால் அதன்மேல் நின்ற பல டாலர் டெபாசிட் மறைகிறது. 1930-க்கும் 1933-க்கும் நடுவில் 9,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் கதவை மூடின.

டெபாசிட்டுக்கும் கையில் உள்ள நோட்டுக்கும் இருந்த விகிதத்தை மாதம் மாதமாக எழுதி வைத்தவருக்கு மட்டுமே இது கண்ணில் படும். அட்டவணை ஒரு பக்கம், வாதம் ஒரு பக்கம் என்று அந்தப் புத்தகத்தில் பிரிக்க முடியாது. வரலாற்றுப் பகுதி முதலில் புள்ளிவிவர நூலுக்கு ஒரு முன்னோட்ட அத்தியாயமாகத்தான் திட்டமிடப்பட்டது. அது 800 பக்கத்துக்கும் மேலே வளர்ந்து தனிப் புத்தகமானது. எண்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைச் சொல்லும் நூல் 1970-ல்தான் வந்தது.

பணம் இப்படிக் குறைய ஃபெடரல் ரிசர்வ் விட்டுவிட்டதால்தான் 1930-களின் பெருமந்தம் அவ்வளவு மோசமானது என்பது அன்னா, ஃப்ரீட்மன் இருவரின் வாதம். அதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பீட்டர் டெமின் 1976-ல் ஒரு புத்தகமே எழுதி மறுத்தார். பணம் குறைந்ததால் வியாபாரம் விழுந்ததா, வியாபாரம் விழுந்ததால் பணம் குறைந்ததா என்ற கேள்வி இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் மறுத்தவர்களும் அவர்கள் செய்த எண்களை வைத்துத்தான் மறுக்க வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. 2002-ல் ஃப்ரீட்மனின் 90-வது பிறந்த நாள் விழாவில், அப்போது ஃபெடரல் ரிசர்வ் வாரிய உறுப்பினராக இருந்த பென் பெர்னான்கி மில்டன், அன்னா இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையதுதான் என்று வருத்தம் தெரிவித்தார். 2008 நெருக்கடியில் அதே பெர்னான்கி தலைவராக இருந்தபோது, 92 வயதில் அன்னா அவரை வெளிப்படையாக விமர்சித்தார். இது ரொக்கத் தட்டுப்பாடு இல்லை, எந்த வங்கி தேறும் என்ற நம்பிக்கை போனதுதான் பிரச்சினை என்பது அவர் வாதம்.

பெயர் விஷயம் உனக்கு உறுத்துகிறது. எனக்கும் உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். நோபல் 1976-ல் ஃப்ரீட்மனுக்கு மட்டும் போனது. எல்லா வேலையையும் அன்னா செய்தார், பாராட்டில் பெரும்பங்கு எனக்கு வந்தது என்று ஃப்ரீட்மனே சொல்லியிருக்கிறார். ஆனால் புத்தக அட்டையில் அன்னாவின் பெயர் இருந்தது, அதை யாராலும் எடுக்க முடியவில்லை. அதனால் உன் புரொபசரிடம் இப்போதே நேராகக் கேள். கட்டுரையில் என் பெயர் எங்கே வரும் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வரைவு தயாரான பிறகு கேட்பது கஷ்டம்.

இன்னொன்று. அன்னாவின் காகிதங்கள் டர்ஹாமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் நூலகத்தில் இருக்கின்றன. சாமுவேல்சன், மோடிக்லியானி, பட்டின்கின் போன்ற பொருளாதார அறிஞர்களுடைய காகிதங்களும் அங்கேதான். நீ இருக்கிற ராலேயிலிருந்து டர்ஹாம் எவ்வளவு தூரம், அரை மணி நேரம் இருக்குமா? ஃப்ரீட்மன் சிகாகோவில், இவர் நியூயார்க்கில். பெரும்பகுதி வேலை தபாலில்தான் நடந்தது. ஃப்ரீட்மனுடைய காகிதங்கள் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டன. ஒரே உரையாடல் நாட்டின் இரண்டு கரையிலும் பிரிந்து கிடக்கிறது. உன் பக்கத்தில் இருக்கிற பாதியையாவது போய்ப் பார். பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியிருக்கும், பென்சில் எடுத்துக்கொண்டு போ.

அப்புறம் உன் எக்செல் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்த அறிக்கை, எந்தப் பக்கம், ஏன் இதை எடுத்தாய், எதை விட்டாய் என்று ஒரு வரி எழுதி வை. உன் புரொபசர் கேட்காவிட்டாலும் எழுது. அடுத்த முறை பேசும்போது அந்த வட கரோலினா வங்கிகளில் எத்தனை 1930-க்கு முன்னாலேயே மூடின என்று எனக்குச் சொல். பருத்தி விலை விழுந்த ஊர்களில் அது கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அப்பா முழங்கால் வலிக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார், இப்போது பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா