அந்த டப் சத்தம்

அன்பு மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது டப்பென்று ஒரு சத்தம் கேட்டுப் பதறினாயே, அது குக்கர் இல்லை, பலூன். அன்றைக்கு அது பதினோராவது. உன் அம்மா நாலாவதிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

குட்டி லீவுக்கு வரும்போது ஒரு பலூன் நாய் செய்து காட்ட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். மார்த்தாண்டத்தில் நீள பலூன் ஒரு பாக்கெட்டும் கைப்பம்பும் வாங்கினேன். பாக்கெட்டில் 260 என்று போட்டிருக்கிறது. முழுக்க ஊதினால் 2 அங்குலப் பருமன், 60 அங்குல நீளம் என்று அர்த்தமாம். வாயால் ஊதிப் பார்த்தேன், கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். சிரட்டையில் சொட்டிய அதே ரப்பர் பால்தான் இதுவும். 1824இல் லண்டனில் பாரடே ரப்பர் ஷீட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளே மாவு தடவி, ஓரத்தை அழுத்தி ஒட்டிப் பலூன் செய்தாராம். நீ படித்த அதே மின்சார பாரடேதான். நான் எத்தனை ஷீட் அடித்துப் புகைக்கூட்டில் தொங்கவிட்டிருப்பேன், எனக்கு இது தோன்றவில்லை பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நுனிவரை ஊதக் கூடாது. நாய்க்கு உள்ளங்கை அகலத்துக்கு வால்பக்கம் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறுக்கும் காற்றைத் தள்ளும். அது போக இடம் இல்லாவிட்டால் டப். முதல் ஆறும் இப்படித்தான் போயின. முடிச்சுப் போடுமுன் கொஞ்சம் காற்றைப் புஸ்ஸென்று விட்டால் பலூனின் கழுத்து இளகிக் கொடுக்கிறது.

முடிச்சிலிருந்து நாலு விரல் தள்ளி அமுக்கி, மூன்று நாலு சுற்றுச் சுற்றினால் மூக்கு. எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். அடுத்து காதுக்குப் போகும்போது மூக்கை விட்டுவிட்டால் அது சுழன்று அவிழ்ந்துவிடும். உள்ளங்கையில் சுண்டுவிரலால் மூக்கை அடக்கிக்கொண்டே இரண்டு காதையும் முறுக்கி, இரண்டையும் மடக்கிச் சேர்த்து அடியில் ஒரு முறுக்கு. பூட்டு விழுந்துவிடும், கையை எடுக்கலாம். அப்புறம் கழுத்து, முன்னங்கால் இரண்டு, பூட்டு. உடம்பு, பின்னங்கால் இரண்டு, பூட்டு. மிச்சம் வால். முறுக்கும்போது கீச்கீச்சென்று கத்தும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்தினால்தான் அவிழ்கிறது.

வெடித்த துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுகிறேன், ஊதாத பலூன்கள் பரணில் இருக்கின்றன. குட்டி கையில் கிடைத்ததை வாயில் போடுவாள், தொண்டையில் அடைத்துக்கொண்டால் பொல்லாதது.

நேற்று ஒன்று வெடிக்காமல் நின்றது. கால்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன. அம்மா பார்த்துவிட்டு, "ஆடு நல்லா இருக்கு" என்றாள்.

குட்டியிடம் இப்போதே சொல்லிவிடாதே. முதலில் அது நாயாகட்டும்.

அப்பா